புதுப்பிப்பு: மாநிலம் தாண்டி ஆலோசனை தர வழி பிறந்துவிட்டது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உரிமம் பெற்ற மனநல ஆலோசகர், அரிசோனா மாநிலத்துக்குக் குடிபோனவருக்கு வீடியோ காலில் ஆலோசனையைத் தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அங்கேயும் உரிமம் வாங்கு என்பதே அப்போது கிடைத்த பதில். ஆலோசனை பெறுபவர் எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலச் சட்டம்தான் செல்லும்.

இப்போது முடியும்! கவுன்சலிங் காம்பாக்ட் என்பது மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம்; சொந்த மாநில உரிமம் உள்ள ஆலோசகர், அதில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் அனுமதி பெற்று ஆலோசனை தரலாம். அதை 2021இல் ஜார்ஜியாவும் மேரிலாந்தும் முதலில் சட்டமாக்கின. 2022இல் 10 மாநிலங்கள் சேர்ந்ததும் அது உயிர்பெற்றது. ஆனால் உரிமத் தகவல்களைப் பகிர ஒரு கணினி அமைப்பு வேண்டுமே, அது தயாராகி விண்ணப்பம் திறக்க 2025 செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. முதலில் திறந்தவை நான் கேட்ட இதே இரண்டு மாநிலங்கள்தான். அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு.

சொந்த மாநில உரிமம் சிக்கலின்றி இருக்க வேண்டும், கைரேகைச் சோதனை உண்டு. அப்புறம், மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கட்டணம். மேற்பார்வையில் வேலை செய்யும் புதியவர்களுக்கு இந்த அனுமதி கிடையாது. அது எனக்கு வருத்தம்தான். உளவியலாளர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் ஒப்பந்தங்கள் வேறு.

30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதைச் சட்டமாக்கியிருந்தாலும், சேர்ந்த உடனே எல்லாம் திறந்துவிடவில்லை. பணம் கட்டும் முன் உங்கள் மாநிலம் அனுமதி வழங்கத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள்.