செர்பியப் பேரரசு கோசோவோவில்தான் வீழ்ந்ததா?

ஊர்க்குருவி:
'1389இல் கோசோவோ போரோடு செர்பியப் பேரரசு அழிந்தது' என்று நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அன்று அழிவதற்குப் பேரரசு எங்கே இருந்தது? அங்கே துருக்கியரை எதிர்த்து நின்ற லாசர், மொராவா ஆற்றுப் பகுதியை ஆண்ட சிற்றரசர். நாட்டார் பாடல்கள்தாம் அவருக்குப் பேரரசர் பட்டம் கட்டின. கதை முடிந்தது 1371 செப்டம்பர் 26இல், மாரித்சா ஆற்றங்கரையில். பேரரசரோடு இணைந்து ஆண்ட மன்னர் வுகாஷினும் அவர் தம்பி உக்லேஷாவும் துருக்கியரிடம் தோற்று ஒரே நாளில் மாண்டார்கள். டிசம்பரில் பேரரசர் ஐந்தாம் உரோஷும் பிள்ளையின்றி இறந்தார்.

பனைநிழல்:
மாரித்சா வரை போவானேன்? வினை விதைத்தவர் உரோஷின் தந்தை துஷான். 1346இல் ஸ்கோப்யேயில் செர்பியருக்கும் கிரேக்கருக்கும் பேரரசராக முடிசூடினார். கிரேக்கப் பகுதிகளான எபிரஸ், தெசாலி வரை வளைத்துப் போட்டார். 1355இல் அவர் கண்ணை மூடியதும், 'நானே பேரரசர்' என்று கிளம்பினார் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி சிமியோன். பிரபுக்கள் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். இருபது வயதுகூட நிரம்பாத உரோஷ் என்ன செய்வார், பாவம்!

ஊர்க்குருவி:
துஷானை வெறும் நிலம்பிடிப்பவராக்காதீர்கள். 1349இல் அவர் கொண்டுவந்த சட்டத் தொகுப்பைப் பாருங்கள். அரசரே கோபத்திலோ அன்பிலோ சட்டத்துக்கு மாறாக ஓலை அனுப்பினால், நீதிபதிகள் அதை ஏற்கக் கூடாது என்கிறது. அந்தக் காலத்தில் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட மன்னர் எத்தனை பேர்?

பனைநிழல்:
ஏட்டுச் சுரைக்காய். அந்தக் குடும்பத்தின் நடப்பைப் பாருங்கள். தாத்தா மிலுதின், மகனின் கண்களைக் குருடாக்க ஆணையிட்டார். அந்த மகனை 1331இல் அரியணையிலிருந்து இறக்கியவர் துஷானேதான். தந்தை சிறையிலேயே மாண்டார். அரியணை எப்படிக் கைமாறும் என்று பிரபுக்களுக்குப் பாடம் நடத்தியதே அரச குடும்பம்தான்.

நெல்லிக்கனி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். உரோஷைக் கொன்றவர் வுகாஷின் என்றொரு பழங்கதை உண்டு. செப்டம்பரில் செத்தவர் டிசம்பரில் வந்து எப்படிக் கொன்றார் என்று யாரும் கேட்கவில்லை! லாசரின் மருமகன் வுக் பிராங்கோவிச்சின் கதையும் அப்படித்தான். கோசோவோவில் காட்டிக்கொடுத்த துரோகி என்று பாடுகிறார்கள். லாசரின் மகன் சுல்தானுக்குப் பணிந்த பிறகும் பணியாமல் நின்றவர் அவர். 1392இல் ஸ்கோப்யேயை இழந்தார், 1397இல் துருக்கியர் சிறையில் இறந்தார். தோல்விக்கு ஒரு துரோகி தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

வெள்ளிக்காசு:
மூவரும் வாளையே பேசுகிறீர்கள், சுரங்கத்தை மறந்துவிட்டீர்கள். லாசரின் மகன் ஸ்டெஃபான் 1402இல் அங்காராவில் சுல்தான் பயேசித்துக்காகப் போரிட்டார். சுல்தான் தைமூரிடம் சிக்கினார். ஸ்டெஃபானோ திரும்பும் வழியில் பைசாந்தியரிடம் 'டெஸ்பாட்' என்ற, பேரரசருக்கு அடுத்த நிலைப் பட்டம் வாங்கி வந்து பெல்கிரேடைத் தலைநகராக்கினார். 1412இல் சுரங்கச் சட்டம் எழுதினார். அந்த நாட்டைத் தாங்கியது நோவோ பிர்தோ சுரங்கத்து வெள்ளி. 1455இல் அந்த ஊர் துருக்கியரிடம் போயிற்று. நான்கே ஆண்டுகளில், 1459இல், பின்னாள் தலைநகரான ஸ்மெதெரெவோ கோட்டை சண்டையே இல்லாமல் சரணடைந்தது. அதன் கோபுரத்தில் செங்கல்லால் பதித்த எழுத்துகளில் அதைக் கட்டிய, ஸ்டெஃபானுக்குப் பின் டெஸ்பாட்டான ஜூராஜ் பிராங்கோவிச்சின் பெயர் இன்றும் இருக்கிறது.

ஊர்க்குருவி:
வெள்ளிக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அது டெஸ்பாட்டுகளின் கதை. நான் கேட்டது பேரரசு என்றைக்குப் போனது என்று.

பனைநிழல்:
1355 டிசம்பர் 20. துஷான் இறந்த நாள். மாற்றிக்கொள்வதாக இல்லை.