சொந்தமாக் கட்டின கர்னல்: அடுத்த வெளியீடு வந்தப்போ என்ன ஆச்சு?

திரி தொடங்கியவர்:

லினக்ஸ் கர்னலை, அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதியை, நாமே கம்பைல் பண்றது எப்படின்னு எழுதினவங்க ஏராளம். சோர்ஸை இறக்கு, மெனுகான்ஃபிக் திற, மேக் கொடு, இன்ஸ்டால் பண்ணு, ரீபூட். யூநேம்ல புது எண் தெரிஞ்சதும் ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதோட கதை முடிஞ்சிடுது. எனக்கு அதுக்கு அப்புறம் நடந்தது வேணும். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புது வெளியீடு வருது. நடுவுல கிட்டத்தட்ட வாராவாரம் ஸ்டேபிள் திருத்தம் வேற. கர்னல்ல எதெது சேரணும்னு குறிச்சுவச்ச பழைய டாட் கான்ஃபிக் கோப்பைக் கையில வச்சுக்கிட்டு அடுத்ததுக்குப் போனவங்களுக்கு என்ன ஆச்சு? பிஎஸ்டி (யுனிக்ஸ் வழி வந்த இன்னொரு சிஸ்டம்) ஆளுங்களும் வாங்க. கமாண்டு பட்டியல் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்க.

சேலம், பழைய லேப்டாப்:

என்னோடது 4 ஜிபி ரேம். டிஸ்ட்ரோ (டெபியன் மாதிரி லினக்ஸ் தொகுப்பு) கொடுக்கற கான்ஃபிகை அப்படியே எடுத்தா ஆயிரக்கணக்கான மாட்யூல், அதாவது வேணுங்கறப்போ ஏத்திக்கற டிரைவர் மாதிரி துண்டுகள், கட்டும். ராத்திரி போட்டுட்டுப் படுத்தா காலையிலயும் ஃபேன் கத்திக்கிட்டு இருக்கும். எல்லாம் முடிஞ்சு விஎம்லினக்ஸ்ங்கற முழு கர்னல் கோப்பை இணைச்சு பிடிஎஃப்ங்கற தரவு வகை விவரம் எழுதற கடைசிக் கட்டத்துல ரேம் பத்தாம ப்ராசஸ் செத்துப் போகும். அதனால லோக்கல்மாட்கான்ஃபிக்தான் நம்ம வழி. இப்போ எந்தெந்த மாட்யூல் ஏறியிருக்குன்னு எல்எஸ்மாட் சொல்றதைப் பார்த்து, மிச்ச மாட்யூல் எல்லாத்தையும் கான்ஃபிக்ல அணைச்சுடும். பில்டு நேரம் அடியோட குறையும்.

அதோட வினையும் அங்கேயேதான் இருக்கு. தெருவுல குழாய்க்குக் குழி தோண்டினாங்க, ஃபைபர் அறுந்துது. சரின்னு போனை யுஎஸ்பியில சொருகி டெத்தரிங் போட்டேன். போன்ல ஆன்னு காட்டுது, லேப்டாப்ல ஒண்ணும் வரலை. எல்எஸ்யுஎஸ்பி கொடுத்தா போன் பேர் அழகா வருது. கர்னலோட பதிவு காட்டற டிமெசேஜ்லயும் புது சாதனம்னு வரி விழுது, தயாரிப்பாளர் பேர், சீரியல் எண் எல்லாம் இருக்கு. அதுக்கு அடுத்து நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் உருவாச்சுன்னு ஒரு வரி வரணுமே, அது மட்டும் இல்லை. விருந்தாளி வாசல்ல நிக்கறார், கதவு திறக்க வீட்ல ஆள் இல்லை. கர்னல் கட்டின அன்னிக்குப் போன் சொருகியில்லை, அதனால டெத்தரிங்குக்கு வேண்டிய ஆர்என்டிஐஎஸ் டிரைவர் ஏறலை, அதனால கான்ஃபிக்லயும் அது இல்லை.

பூட் லோடரான கிரப்ல அட்வான்ஸ்டு மெனுவுக்குப் போய் டிஸ்ட்ரோ கர்னல்ல ஏறினேன், உடனே நெட் வந்துது. இப்போ வழக்கம் என்னன்னா, கட்டறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற பென்டிரைவ், பிரிண்டர், வெப்கேம், போன் எல்லாத்தையும் ஒருமுறை சொருகி எடுத்துடுவேன். பிடுங்கினாலும் மாட்யூல் இறங்காது, அப்புறம் எடுக்கற பட்டியல்ல அதுவும் சேர்ந்துடும்.

சென்னை, சர்வர் பராமரிப்பு வேலை:

சேலம் நண்பருக்கு நேர்ந்தது வீட்டு இயந்திரத்தில். வேலை இடத்தில் வேறு மாதிரி வரும். டிஸ்ட்ரோவின் கான்ஃபிகை பூட் அடைவிலிருந்து எடுத்துக் கட்டினால், டிஸ்ட்ரோக்காரர்களின் சான்றிதழ்க் கோப்பைத் தேடி பில்டு நின்றுவிடும். அந்தக் கோப்பு அவர்களுடைய சோர்ஸில்தான் இருக்கும், மூல சோர்ஸில் இருக்காது. சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற வரியைக் காலி செய்தால் நகரும். பிந்தைய வெளியீடுகளில் ரத்தான சாவிகளுக்கு என்று இன்னொரு வரி சேர்ந்தது, பழைய குறிப்பை வைத்துக்கொண்டு வந்தவர்கள் அதே இடத்தில் மறுபடி நின்றார்கள்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிழை, திருத்திவிட்டுப் போகலாம். நான் சொல்ல வந்தது பூட் பகிர்வு நிரம்புவது. பிழை தேட உதவும் டீபக் தகவலோடு கட்டிய மாட்யூல்களை அப்படியே இன்ஸ்டால் செய்தால் பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஊதிப் பல நூறு எம்பி ஆகும். பூட் பகிர்வுக்கு யாரோ எப்போதோ கொடுத்த அரை ஜிபி அதோடு காலி. சொந்தக் கர்னல் எப்படியோ ஏறிவிடும். அடி விழுவது அதற்குப் பிறகு தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு. டிஸ்ட்ரோவின் புதுக் கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் எழுத இடம் இல்லை, பேக்கேஜ் பாதியில் நிற்கும், அதன் பின்னால் வரிசையில் இருக்கும் மற்ற பேக்கேஜ்களும் நிற்கும். நம்மிடம் ஒரு பெட்டியில் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) திருத்தம் வெகு நாளாக ஏறாமல் கிடந்தது, காரணம் இதுதான். கர்னலுக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாட்யூல் இன்ஸ்டால் செய்யும்போது இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப் என்பதை ஒன்று என்று கொடுத்தால் டீபக் தகவல் உரிந்துவிடும், கோப்பு பழைய அளவுக்கு வரும். டெபியன் வகையறாவில் இருப்பவர்கள் பின்டெப்-பேக்கேஜ் இலக்கில் கட்டி டெப் கோப்பாகவே போடுங்கள். பழசைக் கழற்றும்போது பேக்கேஜ் கருவியான டிபிகேஜி சுலபமாக எடுத்துவிடும்.

மதுரை:

செக்யூர் பூட்டை விட்டுட்டீங்களே. நாமே கட்டினதுக்குக் கையெழுத்து கிடையாது, பூட் ஆகறப்போ அதைச் சோதிக்கற ஷிம் உள்ளேயே விடாது. அரைப்பக்கம் எழுதற விஷயம்தான், ஆனா நான் பயாஸ்ல அணைச்சுட்டேன். மேல போங்க.

கோவை:

என் கதை ஒரு ஹார்டு டிஸ்க். மாமா வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து கழட்டினது, குடும்ப போட்டோ எல்லாம் அதுலதான். அந்தக் காலத்துல அவர் சூசே லினக்ஸ் போட்டிருந்தார், அதுல ரெய்சர்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம்தான் டீஃபால்ட். 2006-லதான் அவங்க ஈஎக்ஸ்டி3-க்கு மாறினாங்க. அந்த டிஸ்க்கை வருஷத்துக்கு ஒருதரம் யுஎஸ்பி அடாப்டர்ல மாட்டிப் பார்க்கறது வழக்கம், அதுக்காகவே என் கான்ஃபிக்ல ரெய்சர்எஃப்எஸ்ஸை மாட்யூலா வச்சிருந்தேன்.

கர்னல் 6.13-க்குப் போன பிறகு மவுன்ட் பண்ணினா, அப்படி ஒரு ஃபைல் சிஸ்டமே தெரியாதுங்குது. கான்ஃபிகைத் திறந்து தேடறேன், ரெய்சர்ங்கற வரியே இல்லை. அணைச்சுவச்ச குறிப்புகூட இல்லை, சுத்தமாக் காணோம். விஷயம் என்னன்னா, 5.18-லயே அது போகப் போகுதுன்னு எச்சரிக்கை சேர்த்துட்டாங்க, 6.13-ல கோடையே தூக்கிட்டாங்க. ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கொடுத்தா, புதுசா வந்த கேள்விக்கெல்லாம் டீஃபால்ட் பதிலை அதுவே போட்டுக்கும், இல்லாமப் போன வரியைச் சத்தமில்லாம விட்டுடும். அது அப்படித்தான் வேலை செய்யணும், குறை சொல்ல முடியாது. ஆனா நமக்கு எங்கயும் ஒரு வார்த்தை வராது.

போட்டோ தப்பிச்சுது. 6.12 நீண்ட காலப் பராமரிப்பு வெளியீடு, அதுல அந்த டிரைவர் இன்னும் இருக்கு. அதுல ஏறி எல்லாத்தையும் ஈஎக்ஸ்டி4 டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன்.

கர்னல் சோர்ஸ்லயே ஸ்கிரிப்ட்ஸ் அடைவுல டிஃப்கான்ஃபிக்னு ஒண்ணு இருக்கு. பழைய கான்ஃபிக், புது கான்ஃபிக் ரெண்டையும் கொடுத்தா போனதுக்கு முன்னாடி கழித்தல் குறி, வந்ததுக்குக் கூட்டல் குறி போட்டுக் காட்டும். மேக் கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தக் கழித்தல் வரிகளை மட்டுமாவது படிச்சுடறேன். பழைய என்டிஎஃப்எஸ் டிரைவர் 6.9-ல போனதும் இதே கதைதான், விண்டோஸ் பகிர்வு வச்சிருக்கறவங்க அங்க முழிச்சிருப்பாங்க.

பெங்களூர், தமிழ்க்காரன்தான்:

எனக்கு நடந்தது கொஞ்சம் நீளம். புது வெளியீட்டுக்குப் போனதும் லேப்டாப் மூடினா தூங்கும், திறந்தா எழாது. கீபோர்டு விளக்கு எரியும், திரை கருப்பு. முந்தின வெளியீட்டுல இந்தத் தொந்தரவு இல்லை. கான்ஃபிக்ல வித்தியாசம் ஏதும் கிடையாது, அப்போ கோடுலதான் மாறியிருக்கணும்.

ரெண்டு வெளியீட்டுக்கு நடுவுல சுமாரா 14,000 கமிட், அதாவது கோடு மாற்றம், இருக்கும். அதுல ஒண்ணைத் தேடணும்னா மலைப்பா இருக்கும், ஆனா கிட் பைசெக்ட் பாதி பாதியா வெட்டிக்கிட்டே போறதால பதினாலு தடவை போல கட்டினாப் போதும். ஒவ்வொரு தடவையும் கட்டு, ரீபூட் பண்ணு, மூடு, திற, நல்லதா கெட்டதான்னு சொல்லு. சேலம் அண்ணன் சொன்ன சின்ன கான்ஃபிக் இல்லேன்னா இதை யாரும் பண்ணவே மாட்டாங்க. நடுவுல சில கமிட் பூட்டே ஆகாது, அதுக்கு ஸ்கிப். கடைசியில ஒரு கமிட்டுல போய் நின்னுது. அதை மட்டும் திருப்பிப் போட்டுக் கட்டினா லேப்டாப் எழுந்துடுது. அந்தச் சோதனையை விட்டுடாதீங்க. ஒரு கட்டத்துல நல்லது கெட்டதை மாத்திச் சொல்லியிருந்தாலும் பைசெக்ட் ஏதோ ஒரு கமிட்டைக் காட்டத்தான் செய்யும், அது யார் தலையிலயோ விழும்.

அப்புறம் அஞ்சல். கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யார் யாருக்கு அனுப்பணும்னு சொல்லும். வெறும் எழுத்து அஞ்சலா இருக்கணும், எச்டிஎம்எல் போனா அஞ்சல் பட்டியல் ஏத்துக்காது. பதிலை மேல எழுதாம அவங்க கேள்விக்குக் கீழ எழுதணும். ரெக்ரஷன் பட்டியலுக்கும் நகல் போட்டு, எந்தக் கமிட்டுல தொடங்கிச்சுங்கறதை அந்தப் பிழைகளைக் கண்காணிக்கற ரெக்ஸ்பாட் நிரலுக்குப் புரியற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். முன்னாடி வேலை செஞ்சது இப்போ வேலை செய்யலைங்கறது அங்க பெரிய குற்றம், லினக்ஸைத் தொடங்கின டோர்வால்ட்ஸ் இதுல எவ்வளவு கறார்னு எல்லாருக்கும் தெரியும். பைசெக்ட் முடிவோட போனா மரியாதையே தனி. டிமெசேஜ் கேட்டாங்க, ஏசிபிஐ டம்ப் கேட்டாங்க, அப்புறம் ஒரு சின்ன பேட்ச் அனுப்பிப் பார்க்கச் சொன்னாங்க. போட்டேன், எழுந்துது. சோதித்தவர்னு என் பேரும் கமிட்டுல ஏறிச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, இந்த பேட்ச் ஸ்டேபிள் மரத்துல சேர்க்கப்பட்டதுன்னு தானியங்கி அஞ்சல் வந்துது.

ஒரு வேடிக்கை. என் அஞ்சல் கணக்குல இனிஷியல் முன்னாடி இருக்கு. அவங்க கடைசி வரைக்கும் "ஹாய் கே" னுதான் எழுதினாங்க. பிழையைக் கண்டுபிடிச்சது எங்கப்பாவாட்டம்!

நாகர்கோவில், ஃப்ரீபிஎஸ்டி:

கூப்பிட்டீங்க, வந்துட்டேன். எங்க பக்கம் கணக்கே வேற. லினக்ஸ்ல கர்னல் தனி, மத்ததெல்லாம் தனி. இங்க கர்னலும் அடிப்படை சிஸ்டமும் ஒரே சோர்ஸ் மரம். பில்டுவேர்ல்டு (வேர்ல்டுன்னா அடிப்படை சிஸ்டம்), பில்டுகர்னல், முதல்ல கர்னலை மட்டும் இன்ஸ்டால், ரீபூட், அது எழுந்துதான்னு பார்த்துட்டு அப்புறம் இன்ஸ்டால்வேர்ல்டு. வரிசை மாறினா, புது லைப்ரரி கர்னல்கிட்ட கேக்கற சேவையை (சிஸ்டம் கால்) பழைய கர்னல் தெரியாதுன்னு சொல்லிடும், எல்எஸ்கூட ஓடாமப் போகலாம்.

கான்ஃபிக் பிரச்சினை எங்களுக்குக் கம்மி. என் கோப்புல ஜெனரிக்ங்கற பொதுக் கான்ஃபிகை இன்க்ளூட் பண்ணி, கீழ வேணாங்கற டிவைஸ்களை மட்டும் எழுதியிருக்கேன். ஜெனரிக்ல புதுசா ஏதாவது சேர்ந்தா எனக்கும் தானா வந்துடும். ஆனா பைனரி அப்டேட் கருவி, அதான் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட், கஸ்டம் கர்னலைத் தொடாது. பாதுகாப்பு அறிவிப்பு வந்தா நாமேதான் கட்டணும், அதை மறந்துட்டு நிம்மதியா இருக்கறவங்களைப் பார்த்திருக்கேன். அப்டேட்டிங்னு ஒரு கோப்பு சோர்ஸோட உச்சியில இருக்கும், தேதி போட்டு ஒவ்வொரு பத்தியா. போன தடவை கட்டின தேதிக்கு மேல இருக்கற பத்தி எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் தொடங்கணும்.

திருநெல்வேலி:

எல்லாரும் வீரக்கதை சொல்றீங்க, நான் கேக்கறேன், எதுக்கு இது? டெபியன் பாதுகாப்புக் குழு கட்டிக் கொடுக்கறதைப் போட்டுட்டுப் போனா ஆகாதா? 2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா? 6.1.64 ஸ்டேபிள்ல ஈஎக்ஸ்டி4 தரவைக் கெடுக்கற பிழை. புது கர்னல்லேர்ந்து ஒரு திருத்தத்தைப் பழசுக்குக் கொண்டு வந்தாங்க, அது சார்ந்திருந்த இன்னொண்ணைக் கொண்டு வரலை. டெபியன் 12.3 வெளியிடற அன்னிக்கே அதை நிறுத்தி, யாரும் அப்டேட் பண்ணாதீங்கன்னு சொல்லி, மறுநாளே 6.1.66-ஓட 12.4 விட்டாங்க. வீட்ல தானாக் கட்டிக்கிட்டு இருந்தவனுக்கு யார் சொல்லியிருப்பா?

சென்னை, சர்வர் பராமரிப்பு வேலை:

அந்த 6.1.64 டெபியன் பேக்கேஜாகவும் போனதுதானே, தோழர். முந்திக்கொண்டு ஏற்றியவர்கள் அவர்களும்தான். இருந்தாலும் உங்கள் கேள்வி நியாயம். சர்வரில் நான் கட்டுவது டிஸ்ட்ரோவில் இல்லாத ஒரு பேட்ச் தேவைப்படும்போது மட்டும். அது மூலத்தில் சேர்ந்த அன்றே டிஸ்ட்ரோ கர்னலுக்குத் திரும்பிவிடுவேன்.

பெங்களூர், தமிழ்க்காரன்தான்:

நாங்க கட்டிப் பார்க்கலேன்னா என் மாடல் லேப்டாப் எழாதுங்கறதை யார் அவங்களுக்குச் சொல்வா? டெபியனுக்கு அந்தக் கர்னல் வந்து சேர ரொம்ப நாள் ஆகும், அதுக்குள்ள திருத்தம் உள்ள போயிடுச்சு.

திரி தொடங்கியவர்:

நாகர்கோவில் சார், ஒரு சந்தேகம். புதுக் கர்னல் எழலேன்னா கர்னல் டாட் ஓல்டு இருக்கு, லோடர்லேர்ந்து அதுல ஏறலாம்ங்கறாங்க. கிராஃபிக்ஸ் மாட்யூல் என்ன ஆகும்? எனக்கு திரை கருப்பாகி நின்னுடுச்சு.

நாகர்கோவில், ஃப்ரீபிஎஸ்டி:

கிராஃபிக்ஸ் டிரைவரான டிஆர்எம்-கேமாட் போர்ட்ஸ்லேர்ந்து (அடிப்படை சிஸ்டத்துக்கு வெளிய இருக்கற மென்பொருள் தொகுப்பு) வர்றது, அது பூட் மாட்யூல்ஸ் அடைவுல உக்காரும். கர்னலோட சேர்த்து அதுக்குப் பழசு, புதுசுன்னு நகல் எடுக்க மாட்டாங்க. அதனால பழைய கர்னல்ல ஏறினாலும் புது மாட்யூல்தான் இருக்கும், ஒத்துவராது. மேக் டாட் கான்ஃப்ல போர்ட்ஸ் மாட்யூல்ஸ்னு அதைச் சேர்த்துட்டா ஒவ்வொரு பில்டுகர்னலோடயும் திரும்பக் கட்டும். பின்னால திரும்பணும்னா இசட்எஃப்எஸ் பூட் என்விரான்மென்ட் (சிஸ்டத்தோட நகல்) எடுத்துட்டுத் தொடங்குங்க, பூட் அடைவு முழுசா அதுலயே திரும்பி வரும். இப்போதைக்குத் திரை வரணும்னா லோடர்ல சிங்கிள் யூசர்ல ஏறி, ஆர்சி டாட் கான்ஃப்ல மாட்யூலை ஏத்தற கேஎல்டி லிஸ்ட் வரியைக் கமென்ட் ஆக்கிட்டு பூட் பண்ணுங்க.