ஹைபிரிட் காரில் ஏசி: பெற்றோல் செலவைக் கூட்டாமல் பயன்படுத்துவது எப்படி?

வினா (கல்முனை):
டொயோட்டா அக்குவா ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) காரில் மட்டக்களப்புக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். நெரிசலில் நிற்கும்போதும், ஏசி போட்டிருந்தால் எஞ்சின் அடிக்கடி தானாகவே இயங்கத் தொடங்குகிறது. இது பழுதா? ஏசியை நிறுத்திவிடுவதுதான் சிக்கனமா?

மறுமொழி (கல்லடி):
பழுதன்று. இக்காரின் ஏசி கொம்பிரஸரை (குளிரூட்டும் வாயுவை அழுத்தும் பாகத்தை) எஞ்சின் பெல்ற் சுழற்றுவதில்லை. அது ஹைபிரிட் பற்றரியின் மின்சாரத்தில் இயங்குவதால், பற்றரியின் இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் அதை ஏற்றுவதற்காக எஞ்சின் இயங்குகிறது. வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன் ஏசியை ஆகக் குறைந்த வெப்பநிலைக்குத் திருப்பாமல், கண்ணாடிகளை இறக்கிச் சற்றுத் தூரம் ஓடிச் சூட்டை வெளியேற்றிய பின், 25 அல்லது 26 பாகையில் ஓட்டோ (தானியங்கி) நிலையில் விட்டு, உட்காற்றே சுழலும்படி வையுங்கள். ஈகோ (எரிபொருள் சிக்கன) பொத்தானும் ஏசியின் வேகத்தை மட்டுப்படுத்தும்.

மறுமொழி (அக்கரைப்பற்று):
ஏசியை முற்றாக நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன், அதுவும் கச்சான் எனும் சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில். பின் ஆசனத்தை ஒட்டிய துவாரத்தின் வழியே இழுக்கப்படும் காரின் உள்ளறைக் காற்றே பற்றரியைக் குளிர்விக்கிறது. அறை வெந்தால் பற்றரியும் வேகும். அத்துவாரத்தைப் பையோ துணியோ மறைக்கக் கூடாது.

வினா எழுப்பியவர்:
நன்றி. ஏசியின் காற்று வடிகட்டி எங்கே இருக்கிறது?

மறுமொழி (கல்லடி):
முன்புறப் பயணி இருக்கைக்கு எதிரேயுள்ள டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் தெரியும். புழுதி படிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.