வாழைக்கு 16.5 நிறமூர்த்தமோ? சீற் பிழையோ, நான் பிழையோ?

கோண்டாவில் பிள்ளை:
வணக்கம். ஏ.எல். உயிரியல் படிக்கிறன். இழையுருப்பிரிவையும் (ஒரு கலம் அதே மாதிரி ரெண்டாப் பிரியிறது) ஒடுக்கற்பிரிவையும் (நிறமூர்த்தம் பாதியாகி இனப்பெருக்கக் கலம் வாறது) ஒப்பிட கூகிள் சீற்றிலை அட்டவணை ஒண்டு போட்டனான். பி நிரலிலை உடற்கலத்து நிறமூர்த்த (குரோமோசோம்) எண்ணிக்கை: வெங்காயம் 16, தென்னை 32, பனை 36, நெல்லு 24, வாழை 33. ஈ1 கட்டத்திலை 2 எண்டு போட்டு, சி2-இலை பி2-ஐ ஈ1-ஆலை பிரிக்கக் குடுத்தன். வெங்காயத்துக்கு 8 வந்தது. கீழை இழுத்துவிட, மிச்சம் எல்லாம் சைபராலை பிரிக்கேலாது எண்டு நிக்குது. வாழையைக் கல்குலேற்றரிலை அடிச்சன், 16.5. அரை நிறமூர்த்தம் எண்டு ஒண்டு இருக்கோ?
மற்றது, எண்ணிக்கை பாதியாகிறது ஒடுக்கற்பிரிவு 1-இலையோ 2-இலையோ? ரெண்டு நோட்ஸிலை ரெண்டு மாதிரிக் கிடக்கு.

கணினிப் பொடியன்:
சீற் சரியாத்தான் செய்யுது பிள்ளை. இழுக்கேக்கை பி2 பி3 ஆகும், அது உமக்கு வேணும். அதோடை ஈ1-உம் ஈ2 ஆகிடும். ஈ2 வெறுங்கட்டம், அதாலைதான் சைபர். ஈ-க்கு முன்னாலை ஒரு டொலர் குறி, 1-க்கு முன்னாலை ஒரு டொலர் குறி போட்டுத் திருப்பி இழும். கொம்பியூட்டர் எண்டால் எஃப்4 அமத்தினால் தானா வரும், போனிலை கையாலைதான் அடிக்கோணும். பிழை காட்டினது நல்லதுக்கு. ஈ2-இலை வேற ஏதும் எண் கிடந்திருந்தால் பிழையான விடை சத்தமில்லாமல் வந்திருக்கும்.

ரியூசன் வாத்தி:
பாதியாகிறது 1-இலை. வெங்காயத்தை வைச்சே பாரும். 16 எண்டது 8 சோடி. ஒடுக்கற்பிரிவு 1-இன்ரை மேன்முக அவத்தையிலை சோடிதான் பிரியுது. ஒரு நிறமூர்த்தத்தின்ரை ரெண்டு பிரதி இழையளான அரைநிறவுரு ரெண்டும் ஒட்டினபடி, முழு நிறமூர்த்தமா, கலத்தின்ரை ஒவ்வொரு முனைவுக்கும் 8 போகும். 2-இலை அந்த அரைநிறவுருக்கள் பிரியும். அது இழையுருப்பிரிவு மாதிரித்தான், 8 வந்து 8-ஆவே நிக்கும். 1 முடியேக்கை நிறமூர்த்தம் 8, அரைநிறவுரு 16. உம்மடை ஒரு நோட்ஸ் நிறமூர்த்தத்தை எண்ணியிருக்கும், மற்றது அரைநிறவுருவை எண்ணியிருக்கும்.
ஒப்பிடுக எண்டு கேட்டால் ஒரு நிரையிலை ஒரே இயல்பைத்தான் ரெண்டு பக்கமும் எழுதோணும். இஞ்சாலை "சோடி சேராது" எண்டு எழுதிப்போட்டு அங்காலை "நாலு மகட்கலம்" எண்டால் புள்ளி விழாது.

இனி வாழை. 16.5 வந்ததுக்குச் சூத்திரத்தைக் குற்றம் சொல்லாதையும். மற்ற நாலும் இருமடியம், ஒவ்வொரு வகை நிறமூர்த்தமும் ரெண்டு ரெண்டு. நாங்கள் சாப்பிடுற வாழையிலை பெரும்பாலானது மும்மடியம். அடிப்படைத் தொகுதி 11, அது மூண்டு தரம் 33. காட்டு வாழைக்கு 22, அது ஒழுங்காச் சோடி சேர்ந்து 11, 11 எண்டு பிரியும், பழத்துக்குள்ளை கல்லு மாதிரி விதையும் இருக்கும். 33-இலை ஒவ்வொரு வகையிலும் மூண்டு நிக்குது. ரெண்டு சேர மற்றது தனிச்சுப் போகும், இல்லாட்டி மூண்டும் ஒண்டோடை ஒண்டு சிக்கும். முனைவுகளுக்குக் கண்டபடி பங்கு போகும். ஒரு புணரிக்கு (இனப்பெருக்கக் கலத்துக்கு) 14, இன்னொண்டுக்கு 19 எண்டு வந்தால் அது உருப்படாது. அதாலைதான் விதை இல்லை. பழத்தைக் குறுக்கை வெட்டினால் நடுவிலை தெரியிற கறுப்புப் பொட்டுகள், விதையாகாமல் போன சூல்வித்துகள். கருக்கட்டாமலே பழம் வாறதைக் கன்னிக்கனியமாதல் எண்டு படிச்சிருப்பீர்.

நீர்வேலித் தோட்டக்காரன்:
வாத்தியார், அப்ப எங்கடை தோட்டம் முழுக்க இழையுருப்பிரிவிலைதான் ஓடுது. குட்டி கிளப்பித்தானே நடுறம். தாய்வாழை எப்பிடியோ குட்டியும் அப்பிடியே. இதரை வாழைக் குட்டி வைச்சால் இதரைதான் குலை போடும்.

ரியூசன் வாத்தி:
ஓமண்ணை, நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். ஒடுக்கற்பிரிவிலை சோடி நிறமூர்த்தங்கள் துண்டு மாத்துற குறுக்குப் பரிமாற்றம் நடந்து பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் வரும். குட்டிக்கு அது இல்லை. ஒண்டைப் பிடிச்ச நோய் எல்லாத்தையும் பிடிக்கும். போன நூற்றாண்டிலை ஏற்றுமதிக்கு நட்ட குரோ மிஷெல் எண்ட வாழை பனாமா வாடல் நோயாலை விழுந்துதான் கவெண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது.

கோண்டாவில் பிள்ளை:
டொலர் போட்டன், 8, 16, 18, 12 எல்லாம் வந்திட்டுது. நன்றி அண்ணா, நன்றி சேர். ரெண்டு பிரிவையும் வெங்காய வேர்நுனியிலை பாக்கலாமோ?

ரியூசன் வாத்தி:
வேர்நுனியிலை இழையுருப்பிரிவு மட்டும்தான். சின்ன வெங்காயத்தின்ரை அடி தண்ணியிலை முட்ட வைச்சு, வேர் வந்தாப் பிறகு நுனியிலை ரெண்டு மில்லிமீற்றர் வெட்டி எடும். மேலை போனால் கலம் நீண்டிருக்கும், பிரியிறது கிடையாது. ஒடுக்கற்பிரிவுக்கு விரியாத பூ மொட்டின்ரை மகரந்தக்கூடு வேணும்.

கோண்டாவில் பிள்ளை:
வாழை நிரையை அழிச்சு விடவோ?

கணினிப் பொடியன்:
அழிக்காதையும். பி-க்குப் பக்கத்திலை மடியம் எண்டு ஒரு நிரல் சேர்த்து, வாழைக்கு 3, மற்றதுக்கு 2 போடும். வாழையின்ரை விடைக் கட்டத்திலை சூத்திரத்தை எடுத்துப்போட்டு "சமனாப் பிரியாது" எண்டு கையாலை எழுதிவிடும்.