சிங்கப்பூருக்கு வர்ற அரிசிக்குத் தடை மறுபடி வந்தா? மூட்டை வாங்கி வைக்கிறது சரியா?

கிளமெண்டி செல்வி:
2023 ஜூலையில இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்துச்சே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பெரிய குடும்பம், மாமியாருக்குச் சோறு இல்லாம ஒரு வேளை ஓடாது. எப்பவும் ரெண்டு மூட்டை கூடுதலா வீட்டுல இருக்கணும். யார் என்ன சொல்றீங்க?

யீஷுன் ரவி:
வேண்டாம்க்கா. ஆகஸ்ட் கடைசியிலேயே சிங்கப்பூருக்கு விலக்குத் தர்றதா இந்தியா சொல்லிடுச்சு. இங்க வெள்ளை அரிசி இறக்குமதி பண்றவங்க, மாச இறக்குமதியைப் போல ரெண்டு மடங்கு இருப்பு வச்சே ஆகணும். நம்ம ஊர் புழுக்கத்துல மூட்டைக்கு வண்டுதான் வரும். அந்தக் காசுல பருப்பு, கொண்டைக்கடலை, கருவாடு வாங்குங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி அரிசி இல்லாம சமைச்சுப் பழகுங்க: கோதுமை ரவை உப்புமாவும் கத்தரிக்காய் கொத்சும், இல்லைன்னா மரவள்ளிக்கிழங்கும் இக்கான் பிலிஸ் (நெத்திலி) சம்பலும்.

கிளமெண்டி செல்வி:
மரவள்ளியா தம்பி? ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்துல, 1942லேர்ந்து 45 வரைக்கும், அதைத் தின்னே உயிர் பிழைச்சவர் எங்க தாத்தா. அப்புறம் சாகுற வரைக்கும் தொடலை. அவர் வளர்த்த வீட்டுல அரிசி டின் காலியா இருக்கக் கூடாது.

பிடோக் ஆயிஷா:
அரிசி மட்டுமா? 2022 ஜூன்ல மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்துச்சு. நம்ம கோழியில மூணுல ஒரு பங்கு அங்கேர்ந்துதான் வந்துச்சு. நான் பிரேசில் உறைகோழிக்கு மாறினேன். முதல் நாளே ஃபிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சு உருக விட்டு, தண்ணியை நல்லா வடிச்சு, மஞ்சளும் தயிரும் பிரட்டி வச்சா குழம்புக்கு அருமை. எலும்பு மறுநாள் ரசத்துக்கு. மாத்திச் சமைக்கத் தெரிஞ்சா பயம் பாதி போயிடும். நான் ரவி பக்கம்.

யீஷுன் ரவி:
தாத்தா பட்டது எனக்கும் புரியுதுக்கா. அன்னைக்குக் கிழங்கோட சேர்த்துக்க பெரிசா ஒண்ணும் கிடைக்கலை, கிழங்குல புரதம் ரொம்பக் குறைச்சல். பருப்போ மீனோ பக்கத்துல இருந்தா அது முழுச் சாப்பாடு. தடிச்ச தோலை முழுசா உரிச்சு, நல்லா வேகவச்சு தண்ணியைக் கொட்டிடுங்க. பச்சையா விஷம்.

கிளமெண்டி செல்வி:
பருப்பு, கருவாடு சரி, இந்த ஞாயித்துக்கிழமையே தேக்கா சந்தையில வாங்கிடுறேன். மூட்டையை மட்டும் குறைக்க மாட்டேன். கிடங்குல எத்தனை டன் இருந்தாலும் மாமியாருக்கு ராத்திரிக் கஞ்சி என் அடுப்புலதான் வேகணும். காஞ்ச மிளகாய் போட்டு இறுக்கி மூடி, பழசை முதல்ல எடுக்கிறேன்.

யீஷுன் ரவி:
ஒரு மூட்டைன்னா ஒத்துக்கிறேன். ரெண்டுக்கு மாட்டேன்க்கா.