அம்மாச்சி உருவப்படம்: கன்னத்தில் பெயின்ட் உரிகிறது, கடித எழுத்து ஒழுகுகிறது, உதவுங்கள்

சின்னாளபட்டிப் பேத்தி எழுதியது:

வணக்கம். 24க்கு 36 அங்குலக் கேன்வாஸில் அம்மாச்சியின் உருவப்படம் செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் அவர்களுக்கு எண்பது முடிகிறது, அன்றைக்கு வீட்டில் மாட்ட வேண்டும். வெறும் பெயின்டிங்காக இல்லாமல் அவர்கள் வாழ்ந்த பொருள்களே படத்துக்குள் இருக்கட்டும் என்று ஆசை. அதனால் சேலை வரும் இடத்தில் அவர்களுடைய பழைய சுங்குடிச் சேலையின் துண்டையே ஒட்டியிருக்கிறேன். பின்னணி முழுக்கத் தாத்தா எழுதிய இன்லேண்ட் கடிதங்கள், ஒரிஜினல் இல்லை, வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த நகல்கள். முகத்தை வில்லோ மரக் கரியில் வரைந்தேன், கன்னத்துக்கும் கழுத்துக்கும் ஆயில் பேஸ்டலில் சூடான நிறம் கொடுத்தேன், அதற்குமேல் அக்ரிலிக்.

இப்போது உள்ள பிரச்சினைகள்: கன்னத்தில் அக்ரிலிக் காய்ந்த பிறகும் நகம் பட்டால் தோல் மாதிரி உரிந்து வருகிறது. கடித நகல் மேல் மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) தடவியதும் நீல எழுத்து ஊதாவாகக் கசிந்து பரவிவிட்டது. மூக்குப் பக்கத்தில் இருந்த கரிக்கோடு தூரிகையோடு இழுத்துக்கொண்டு வந்து எல்லாம் அழுக்குச் சாம்பலாக நிற்கிறது. சேலைத் துண்டில் இரண்டு இடத்தில் காற்றுக் குமிழி. இதெல்லாம் போக, கிட்டே நின்றால் அம்மாச்சி தெரிகிறார்கள், பத்தடி தள்ளி நின்றால் முகமே காணாமல் போய்விடுகிறது, ஏன் என்று புரியவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஆரம்பிப்பதா, இதையே தேற்றலாமா?

கரித்துண்டு:

தூக்கிப் போட வேண்டாம். உங்கள் கன்னம் உரிவதற்குக் காரணம் அக்ரிலிக்கின் தரம் இல்லை, அடியில் இருக்கும் ஆயில் பேஸ்டல். அதில் இருப்பது மெழுகும் காயாத எண்ணெயும். ஆயில் பெயின்டில் வரும் லின்சீடு எண்ணெய் காற்று பட்டு நாளடைவில் இறுகிவிடும், ஆயில் பேஸ்டல் எத்தனை வருஷமானாலும் இறுகாது. அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைப் பூசினால் அது பிடிமானமே இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் படலமாகத்தான் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு உரியாவிட்டாலும் ஒருநாள் உரியும்.

சரி, என்ன செய்வது. மழுங்கிய பேலட் கத்தியால் உரிகிற அக்ரிலிக்கை மெதுவாகத் தூக்குங்கள், அது சுலபமாக வந்துவிடும். அப்புறம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைப் பழைய பனியன் துணியில் கொஞ்சமாக நனைத்து ஆயில் பேஸ்டலைத் துடைத்தெடுங்கள். துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும், ஒரே துணி என்றால் மெழுகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தேய்ப்பதாகிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. தப்பித்தவறிக்கூட தின்னர் வாங்கிவிடாதீர்கள், அது நல்ல அக்ரிலிக்கையும் கீழே இருக்கும் கெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சையும் சேர்த்து இளக்கிவிடும். துடைத்த இடம் நன்றாகக் காய்ந்ததும் 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கோட் கெசோ கொடுத்துவிட்டு மறுபடி அக்ரிலிக் பூசலாம்.

ஆயில் பேஸ்டலைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அதை வேலையின் கடைசியில், காய்ந்த அக்ரிலிக்குக்கு மேலே, கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு தேய்ப்பு தேய்த்து விட்டுவிடுங்கள். தண்ணீர்ச் சரக்கு முதலில், பொடிச் சரக்கு அடுத்து, எண்ணெய் கடைசி. அப்படி ஆயில் பேஸ்டலில் முடித்தால் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் தூசி ஒட்டும்.

கரி கலையாமல் இருக்க எதை வைத்து ஃபிக்ஸ் செய்தீர்கள்?

சின்னாளபட்டிப் பேத்தி:

ரொம்ப நன்றி. வீட்டில் இருந்த ஹேர் ஸ்ப்ரேதான் அடித்தேன், வீடியோக்களில் எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள்.

கரித்துண்டு:

ஹேர் ஸ்ப்ரே முடியைப் பிடிக்கச் செய்த சரக்கு. வகுப்பில் வரையும் பயிற்சித் தாளுக்குப் போதும். அதன்மேல் ஈரத் தூரிகை போனால் நிறைய ஸ்ப்ரேக்கள் மறுபடி இளகிவிடும், நாள்பட மஞ்சளாகவும் மாறலாம். முறையான ஃபிக்ஸேட்டிவ் வாங்கி ஓரடி தூரத்திலிருந்து மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி மெல்லிசாக அடியுங்கள். ஒரே தடவையில் சொதசொதவென்று அடித்தால் கரி கருத்துப்போய் நடுத்தரச் சாம்பல்கள் எல்லாம் செத்துவிடும். பழைய காலத்தில் ஃபிக்ஸேட்டிவாகப் பாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், வான் கோ தன் வரைபடங்களில் அப்படிச் செய்திருக்கிறார். நம் ஊர் வெக்கையில் பாலைத் தெளித்துவிட்டு எறும்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அந்த அழுக்குச் சாம்பலை அழிக்க முயலாதீர்கள் என்பது என் கருத்து. காய்ந்துவிட்டது என்றால் அது இப்போது மீடியத்தோடு கலந்து உறைந்த கரி, அதாவது நிலையான ஒரு சாம்பல் அடிப்பூச்சு. பல பேர் வேண்டுமென்றே கரிப்பொடியை மேட் மீடியத்தில் குழைத்து முக நிழலுக்குப் பூசுகிறார்கள். மூக்கு நிழலுக்கு அதையே வைத்துக்கொண்டு, வெளிச்சப் பக்கத்தை மட்டும் வெள்ளை கலந்த நிறத்தால் மீட்டெடுங்கள். மறுபடி கரிக்கோடு போட வேண்டுமானால் காய்ந்த அக்ரிலிக் வழுக்கும், கரி பிடிக்காது. நிறமில்லாத கிளியர் கெசோ ஒரு கோட் கொடுத்தால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு வந்துவிடும்.

ஜெராக்ஸ் மிஷின்:

கடித நகல் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு இங்க்ஜெட் பிரின்டர்களில் பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாய இங்க். மீடியத்தில் தண்ணீர் இருக்கிறது, ஒழுகாமல் என்ன செய்யும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்தால் டோனர், அது சூட்டில் உருகித் தாளில் ஒட்டும் பிளாஸ்டிக் பொடி, தண்ணீருக்கு அசையாது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், விரலில் நிறம் வந்தால் அது வேலைக்கு ஆகாது. கலர் வேண்டுமென்றால் கலர் லேசர் பிரின்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

டோனர் நகலை அப்படியே ஒட்டாமல் எழுத்தை மட்டும் கேன்வாஸுக்கு மாற்றவும் முடியும். கேன்வாஸில் ஜெல் மீடியம் (கெட்டியான அக்ரிலிக் பசை) தாராளமாகப் பூசி, நகலை முகம் கீழாக வைத்து, நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேய்த்து, ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். காலையில் பின்பக்கத்தை ஈரமாக்கி விரல் நுனியால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் தாள் நாராக உருண்டு வந்துவிடும், எழுத்து மட்டும் ஜெல்லில் நிற்கும். முதல் தடவை காய்ந்ததும் வெள்ளைப் பூத்த மாதிரி இருக்கும், அது மிச்சத் தாள் நார், இன்னொரு முறை ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் எழுத்தும் சேர்ந்து வரும், கொஞ்சம் அப்படி வந்தாலும் பழைய கடிதத்துக்கு அது அழகுதான். முக்கியமானது, எழுத்து இடம் வலமாகத் திரும்பிவிடும். ஆகவே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் மிரர் பிரின்ட் என்று சொல்லி எடுங்கள். சில பேர் ஜெல்லுக்குப் பதில் அசிட்டோனால் தேய்த்து மாற்றுகிறார்கள். நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்யும் ஓவியர் ன்ஜிடெகா அகுன்யிலி கிராஸ்பியின் பெரிய படங்களில் இப்படி மாற்றிய குடும்பப் புகைப்படங்களையும் பத்திரிகைப் படங்களையும் சுவரிலும் துணியிலும் பார்க்கலாம். ஆனால் அவர் வேலை செய்வது தாளில், உங்களுடையது அக்ரிலிக் கெசோ பூசிய கேன்வாஸ். அசிட்டோன் பட்டால் கெசோவே இளகும். நீங்கள் ஜெல்லோடு நில்லுங்கள்.

ஏற்கெனவே கசிந்துபோன இடத்தின் மேல் நேராக எதையும் ஒட்டாதீர்கள், அந்த ஊதா மேலேயும் ஏறி வரலாம். முதலில் தண்ணீர் கலக்காத அக்ரிலிக் ஸ்ப்ரே ஒன்றால் அடைத்துவிட்டு அப்புறம் கெசோ. ஒரிஜினல் கடிதத்தை ஒட்டாமல் விட்டீர்களே, அதற்கு ஒரு கும்பிடு.

தறிமேடை:

சேலைத் துண்டு பற்றி யாரும் பேசவில்லை. சுங்குடியில் சாயம் இறங்கும், அதுவும் அந்தக் கருஞ்சிவப்பும் நீலமும். ஒட்டுவதற்கு முன்பு துவைத்து, வெள்ளைத் துணியால் ஈரமாக அழுத்திப் பார்த்து, சாயம் வராத பிறகு கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டு ஒட்டியிருந்தால் நல்லது. இனி மீதி இடத்துக்கு ஒட்டும்போது அப்படிச் செய்யுங்கள். மீடியத்தைக் கேன்வாஸில் பூசி, துணியின் பின்பக்கத்திலும் பூசி, வைத்து, மேலேயும் ஒரு கோட். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை வேண்டாம், அதில் பல வகை ஈரத்தில் மறுபடி இளகும்.

குமிழிக்கு: பிளேடால் இழையின் போக்கிலேயே சின்னதாக ஒரு கீறல், மருந்துக் கடை சிரிஞ்சில் (ஊசி இல்லாமல்) தண்ணீர் சேர்த்த மீடியத்தை உள்ளே செலுத்தி, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் கனமான புத்தகங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, கேன்வாஸ் சட்டத்தில் தொங்குவதால் மேலே எடை வைத்தால் அது தொட்டிலாகத் தொய்யும். ஆகவே சட்டத்துக்கு உள்ளே, கேன்வாஸுக்குப் பின்புறம், சட்டத்தின் உயரத்துக்கு அட்டையோ பலகையோ அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எடை வைக்க வேண்டும்.

வடக்குமாசி வாசி:

நேரடியாகச் சொல்கிறேன், இவ்வளவு ஒட்டுவேலைக்குக் கேன்வாஸே தப்பான தேர்வு. ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிதாக ஆரம்பித்துவிடுங்கள். தஞ்சாவூர் ஓவியம் பலகையில் செய்யப்படுவது ஏன்? அதுவும் ஒரு கலப்பு ஊடகம்தான். பலகைமேல் துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக் (தாள்போல மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுகிறார்கள். ஆடுகிற கேன்வாஸில் அந்த மேடு ஒரு வருஷம் தாங்காது.

சின்னாளபட்டிப் பேத்தி:

பலகை நல்ல யோசனைதான், ஆனால் அந்தச் சேலையில் மிச்சம் ஒரு முழம்தான் இருக்கிறது, ஒட்டியதைப் பிரித்தால் கிழிந்துவிடும். இதையே பலகைமேல் ஏற்ற வழி உண்டா? அப்புறம், அம்மாச்சி காதில் போட்டிருந்த தண்டட்டியைத் தங்க ரேக்கில் செய்ய ஆசை. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

வடக்குமாசி வாசி:

உண்டு. சட்டத்திலிருந்து ஆணிகளைக் கழற்றி, அந்தக் கேன்வாஸையே பலகைமேல் ஜெல் மீடியம் பூசி ஒட்டிவிடுங்கள். பலகையின் இரண்டு பக்கமும் முன்பே பிரைமர் அடித்திருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூசினால் மழைக்காலத்தில் வளைந்துவிடும். ஒட்டும் வேலையை முகத்தை மறுபடி வரையும் முன்பே முடியுங்கள், அழுத்தும்போது கரி எல்லாம் கலையும்.

தண்டட்டிக்கு சாக் பவுடர் வேண்டாம், அக்ரிலிக் மாடலிங் பேஸ்டில் மேடு கட்டுங்கள், அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தஞ்சாவூர்க்காரர்கள் போடுவது 22 கேரட் ரேக், அது கறுக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் தங்கநிற ரேக் பித்தளை வகை, காற்றிலேயே கறுத்துப் பச்சை பூக்கும். அதைப் போட்டால் உடனே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு வார்னிஷை மெல்லிசாகப் பூசி அடைத்துவிட வேண்டும். ரேக்குக்கு அடியில் செம்மண் சிவப்பில் ஒரு பூச்சு இருந்தால் விரிசல் வழியே சூடாகத் தெரியும், வெள்ளை அடியில் அது வெறும் மஞ்சள் காகிதமாக இருக்கும்.

மாடிவீட்டுத் தூரிகை:

எல்லாரும் பசையையே பேசுகிறீர்கள், அந்தப் பத்தடி தூரக் கேள்விக்கு யாரும் வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. போனில் படத்தை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நான் ஊகிப்பது: கண்ணுக்குக் கிடைக்கும் மிகக் கூர்மையான வெளிச்ச–இருட்டு வித்தியாசம் முகத்தில் இல்லை, சுங்குடிப் புள்ளியிலும் கடித எழுத்திலும் இருக்கிறது. கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளி, வெள்ளைத் தாளில் கருநீல எழுத்து, இரண்டும் சேர்ந்து கத்தும்போது நடுத்தரச் சாம்பலில் இருக்கும் ஒரு முகம் எப்படித் தெரியும்? அதுவும் எழுத்து வாசிக்கக் கிடைத்தால் மனுஷன் முகத்தைப் பார்க்காமல் வாசிக்கத்தான் போவான். சென்னைக்கு அருகில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963க்குப் பிறகு ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் பக்கம் பக்கமாக எழுத்து நிரப்பினார், ஆனால் அது வாசிக்க முடியாத எழுத்து, அதனால் கண் அதைப் பரப்பாகவே பார்க்கிறது.

உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். டைட்டானியம் வெள்ளையில் துளி ரா அம்பர் (மண் பழுப்பு) சேர்த்து, மீடியத்தில் பால்போல நீர்க்கக் கலந்து, தலையைச் சுற்றி இருக்கும் கடிதங்கள்மேல் ஒரு மெல்லிய திரை விடுங்கள். ஓரங்களுக்குப் போகப் போகத் திரையை மெலிதாக்கினால் எழுத்து அங்கே தெளியும். கழுத்துக்கு அருகில் இருக்கும் சேலைப் புள்ளிகளையும் ஒரு இருண்ட கிளேஸால் (அடி தெரியும் மெல்லிய பூச்சு) அடக்குங்கள், முழங்கைப் பக்கம் இருப்பவை அப்படியே இருக்கட்டும். பிறகு படத்திலேயே மிக வெளிச்சமான புள்ளியும் மிக இருண்ட புள்ளியும் கண்ணிலோ தண்டட்டியிலோ பக்கத்துப் பக்கத்தில் வரட்டும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், முகம் முதலில் வரும்.

சின்னாளபட்டிப் பேத்தி (பிறகு எழுதியது):

கேன்வாஸைப் பலகையில் ஒட்டிவிட்டேன், கன்னத்தைத் துடைத்து மறுபடி பூசியாயிற்று, இப்போது நகத்தால் சுரண்டினாலும் அசையவில்லை. டோனர் மாற்றம் அருமையாக வந்தது, “அன்புள்ள” என்று தாத்தா ஆரம்பிக்கும் இடம் மட்டும் பாதி போய்விட்டது, அதை அப்படியே விட்டுவிட்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து மிரண்டுவிட்டேன், சேலைப் புள்ளிதான் படம் முழுக்க. திரை விட்டதும் முகம் முன்னால் வந்துவிட்டது. ஒரு குமிழி மட்டும் அடங்கவில்லை, அதன்மேல் சிவப்பு நூலால் இரண்டு தையல் போட்டேன், பழஞ்சேலையில் தையல் இருப்பது இயல்புதானே.

கடைசிக் கேள்வி, வார்னிஷ் எப்போது அடிப்பது? இங்கே தினமும் சாயங்காலம் மழை.

கரித்துண்டு:

மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரக் காற்றில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து மங்கிவிடும். அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே தண்ணீர் போக இன்னும் சில வாரம் ஆகும், மாடலிங் பேஸ்ட் தடிமனாக இருக்கும் இடத்துக்கு அதைவிடக் கூடுதல். விசேஷத்துக்கு அப்படியே மாட்டிவிட்டு, வெயில் வந்த பிறகு காலை பத்து மணிக்குமேல் ஸ்ப்ரே வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட் அடியுங்கள். தூரிகையால் பூசினால் கரி மறுபடி இழுபடும். ரேக் இருக்கும் இடத்தைச் சின்னத் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள், அரக்கின் பளபளப்பு மேட் வார்னிஷில் செத்துவிடும். சுவர் ஓதம் அடிக்கிறதா என்று பார்த்து, பலகையின் பின்னால் நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் ஒட்டி மாட்டுங்கள், காற்றுப் போக வழி இருக்கும். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், சுங்குடிச் சாயம்தான் முதலில் வெளுக்கும்.