சென்னையிலிருந்து பெங்களூருக்கு வீடு மாற்றம்: லாரி வாடகை தவிர என்ன செலவு?

கேள்வி: இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான், ஒரு பைக். பட்ஜெட்டில் எதெல்லாம் சேர்க்கணும்?

பதில் 1: சாமான் பட்டியலோடு கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்க. லிஃப்ட் இல்லாத மாடி, லாரி நுழையாத தெரு எல்லாம் முன்கூட்டியே சொல்லிடணும்; இல்லாட்டி இறக்குற இடத்தில் பேரம் ஆரம்பிக்கும். ஷேரிங் லாரி (பல வீட்டுச் சாமான் ஒண்ணா போறது) மலிவுதான், ஆனா வழியில் சாமான் வண்டி மாறலாம். டிவி, கண்ணாடி உடையறது அங்கேதான். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சுத் தண்ணி வடிச்சிடுங்க.

பதில் 2: பைக்குக்குத் தனியா ஒதுக்குங்க சார். 12 மாசத்துக்கு மேல அங்கே வச்சிருந்தா மறுபதிவு கட்டாயம், கர்நாடக சாலை வரியும் கட்டணும். கிளம்பும் முன் இங்கே ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குங்க. கடன் பாக்கின்னா வங்கிச் சம்மதமும் வேணும். ஏத்தும்போது பெட்ரோலை வடிச்சிடணும்.

பதில் 3: காஸ் சிலிண்டரை ஏத்தாதீங்க. ரெகுலேட்டரோட ஏஜென்சியில் ஒப்படைச்சு, டெபாசிட்டையும் ஒப்படைச்சதுக்கான சீட்டையும் வாங்கிக்கோங்க. பெங்களூரில் இணைப்பு வாங்க அந்தச் சீட்டுதான் வேணும்.